மஞ்சள்கரு வாளி

வில்தரேன் பண்ணை, மெதோக்
10 ஜனவரி 1934

அன்புள்ள எர்மான்ஸ் அக்காவுக்கு,

நலம். நீயும் ஃபிர்மான் அத்தானும் நலந்தானே? அப்பாவை அடக்கம் செய்த அன்று கோயிலின் கடைசி வரிசையில் உன்னைப் பார்த்தேன். திரும்பிப் பார்ப்பதற்குள் போய்விட்டாய். ஒரு வாய் சூப்பாவது குடித்துவிட்டுப் போயிருக்கலாம்.

அடுத்த மாதம் சிவப்பு ஒயினைத் தெளிய வைக்க வேண்டும். கசடு அடியில் படியப் பீப்பாயில் ஊற்றும் முட்டை வெள்ளைக்கருவைப் பிரித்து எடுப்பதில் உன்னை அடிக்க ஆளில்லை. என் மனைவி உடைத்தால் ஓடும் சேர்ந்தே விழுகிறது. நான் சொன்னதாகச் சொல்லிவிடாதே. இருநூறு வருஷத்துப் பண்ணைக்கு இப்போது மிச்சம் நாம் இருவர்தான். வீட்டுக்கு வா அக்கா.

உன் தம்பி,
அனிசே


போர்தோ
17 ஜனவரி

பிரியமுள்ள தம்பி,

உன் கடிதத்தை அடுப்படியில் நின்றே படித்தேன். ஒரு தட்டு ரொட்டி தீய்ந்துவிட்டது. "ஒன் தம்பி கடுதாசி போட்டாலே எனக்கு நஷ்டம்டி" என்கிறார் உன் அத்தான்.

கோபிக்காதே, வர மாட்டேன். ரொட்டிக்காரனைக் கட்டிக்கொண்டேன் என்று அப்பா என்னை வெளியே அனுப்பிய அன்று, "நீங்களா கூப்பிடாம இந்த வாசப்படிய மிதிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு வந்தவள் நான். அவர் கூப்பிடவே இல்லை. இனிக் கூப்பிடவும் முடியாது.

ஆனால் உனக்கு நான் நன்றி சொல்லியே ஆக வேண்டும். குளிர்காலம் தவறாமல், ஒயினுக்கு வெள்ளைக்கரு எடுத்தது போக மிஞ்சிய மஞ்சள்கருவை வாளியில் கொண்டுவந்து எங்கள் பின்வாசல் படியில் வைத்துவிட்டுப் போவாயே, அப்பாவுக்குத் தெரியாமல்! முதல் வருஷம் கடையில் மாவைத் தவிர ஒன்றும் இல்லை. அந்த மஞ்சள்கருவில் சுட்ட கனெலே கேக்தான் எங்களைக் கரையேற்றியது. பார்த்தால் கூச்சப்படுவாய் என்று கதவைத் திறக்காமலே இருப்பேன். பிறகு வாளியைக் கழுவி, நாலு கனெலே வைத்து, திரும்பும் வழியில் நீ எடுத்துக்கொள்ளப் படியிலேயே விடுவேன். உனக்குப் பிடிக்குமே என்று ஒன்றை மட்டும் நன்றாகக் கருக விடுவேன். சாகும்வரை மறக்க மாட்டேன்டா.

உன் அக்கா,
எர்மான்ஸ்


வில்தரேன்
25 ஜனவரி

அக்கா,

என்னுடையதல்லாத நன்றியை நான் எப்படி வாங்கிக்கொள்வது? அந்த வாளியை நான் தொட்டதே இல்லை.

அப்பாதான் தன் கையால் வண்டியில் ஏற்றிக்கொள்வார். "மடத்துக் கன்னியாஸ்திரீங்களுக்கு" என்பார். வேறு யாரையும் கொண்டுபோக விட மாட்டார். உன் கடிதம் கண்டதும் மடத்துக்கே போய்க் கேட்டேன். தலைமைக் கன்னியாஸ்திரீ சிரித்துவிட்டார். "ஒங்க வீட்டு மஞ்சக்கருவா? ஒரு சொட்டுகூடப் பாத்ததில்லையேப்பா!"

அன்று சாயங்காலமே கனெலேயோடு திரும்பி வருவார். எங்களுக்கெல்லாம் கொடுத்துவிட்டு, கருகியதைத் தனக்கென்று எடுத்துக்கொள்வார். நல்ல வருஷத்துச் சிவப்பு ஒயினில் ஒரு கோப்பை ஊற்றிக்கொண்டு மெதுவாகச் சாப்பிடுவார். ஒருமுறை, "அவளுக்கு நல்ல கைமணம்டா. கோவந்தான் இன்னும் போகல. எவ்வளவு நேரம் நின்னாலும் கதவத் தொறக்க மாட்டேங்கிறா" என்றார். எந்தக் கன்னியாஸ்திரீயிடமோ திட்டு வாங்கியிருக்கிறார் என்று நினைத்து நான் சிரித்தேன்.

அனிசே


போர்தோ
30 ஜனவரி

தம்பி,

வாய்விட்டு அழுதேன். உன் அத்தான் கடையைச் சாத்திவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

வாளி வைத்த பிறகும் வெளியே ஆள் நிற்பது எனக்குத் தெரியும். நீதான் என்று நினைத்து, உள்ளே சத்தம் போடாமல் நிற்பேன். அந்தப் பிடிவாதக்காரருக்கு வேறு எப்படிக் கூப்பிடத் தெரியும்? வருஷா வருஷம் கூப்பிட்டிருக்கிறார். நன்றியை அவரிடம் நேரில் சொல்லக் கொடுத்துவைக்கவில்லை.

சனிக்கிழமை இருவரும் வருகிறோம். அதுவரை உன் மனைவியை முட்டைப் பக்கம் விடாதே. மேசையில் அப்பாவின் இடத்தில் ஒரு கோப்பை சிவப்பு ஒயின் ஊற்றி வை. கருகின கனெலே நான் கொண்டுவருகிறேன்.

உன் அக்கா,
எர்மான்ஸ்