வகுப்பைச் சிரிக்க வைத்தவள்

என் கண்ணே,

நீ சித்தி வீட்டுக்குப் போய் நாற்பது நாளாகிறது. புதுப் பள்ளி பிடித்திருக்கிறதாமே, சித்தி சொன்னாள்.

இன்று பத்தாம் வகுப்பில் அமிலமும் காரமும் நடத்தினேன். சாப்பாட்டுக்குப் பிந்தைய பீரியட், பாதிப் பேர் தூங்கி வழிந்தார்கள். முன்பெல்லாம் இப்படி ஆனால், நீ வீட்டில் அடித்த கூத்து ஒன்றை எடுத்துவிடுவேன். வகுப்பே நிமிர்ந்து உட்காரும். மூன்றாவது பெஞ்சில் நீ மட்டும் குனிந்திருப்பாய். சும்மா வெட்கப்படுகிறாய் என்று நினைத்துக்கொள்வேன். இந்த வயதிலும் நீ படுக்கையை நனைத்துவிடுவதைச் சொன்ன அன்றும் அப்படித்தான் நினைத்தேன்.

இன்று முன்வரிசைப் பெண் கேட்டாள்: "மிஸ், போரடிக்குது. உங்க பொண்ணு கதை சொல்லுங்களேன்."

"அவ கதை இனிமே கிடையாதும்மா."

"அப்ப உங்க கதை சொல்லுங்க!"

சொன்னேன். பதினாறு வயது வரை நானும் படுக்கையை நனைத்தவள்தான் என்றேன். உன்னிடம்கூட இதை நான் சொன்னதில்லை.

வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. பலகையைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டேன். சிரிப்பு அடங்கவே இல்லை.

அத்தனை நேரமும் நீ எப்படியம்மா அங்கே உட்கார்ந்திருந்தாய்?

அம்மா