வேற்றுக் கிரகத்தில் அம்மாவின் துப்பாக்கி

என் ஆசை அம்மாவுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை அமலி அக்கா சிதம்பரத்திலிருந்து நம் மஞ்சக்குப்பம் வீட்டுக்கு வந்திருந்தாள். உன் பீரோவை ஒழுங்கு பண்ணத்தான் வந்தாள். புடவைகளை மடித்துக்கொண்டிருந்தவள் சட்டென்று கையை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"ஏன்டா சார்லசு, கடைசியில அம்மா அந்தத் துப்பாக்கி ஆட்டத்தையே கட்டிக்கிட்டு இருந்துச்சே, அதுல அப்படி இன்னாதான்டா இருந்துச்சு?"

குரலில் கோபம் இருந்தது. நீ கடைசி நாட்களை ஜெபமாலையோடு கழித்திருக்க வேண்டும் என்பது அவள் எண்ணம். நீயோ ஜெபமாலையும் சொன்னாய், சுடவும் சுட்டாய். அதை அவளுக்கு எப்படிச் சொல்வது?

சிதம்பரத்து ஆஸ்பத்திரியில் நர்ஸாக வார்டு வார்டாக ஓடிய கால்கள் உன்னுடையவை. கீழே விழுந்து இடுப்பெலும்பு முறிந்து கட்டிலோடு கிடந்தபோது நீ பேச்சையே விட்டுவிட்டாய். சாப்பாட்டுத் தட்டு வைத்தது வைத்தபடி திரும்பி வரும். ஒரு சாயங்காலம் நான் டிவியில் வீடியோ கேம் விளையாடுவதைப் படுத்தபடியே பார்த்துக்கொண்டிருந்தாய்.

"யாரைடா சுடற?"

"மிஷினுங்களைம்மா. இது வேற கிரகம். மனுஷங்க யாரும் இல்ல."

"மனுஷன் இல்லன்னா குடு, நானும் பாக்கறேன்."

ஆட்டத்தை இயக்கும் இன்னொரு கன்ட்ரோலரை உன் கையில் கொடுத்தேன். முதலில் சுவரில் முட்டினாய். வானத்தைப் பார்த்துச் சுட்டாய். பிறகு ஆட்டத்தில் ஒரு நிலவுக்கு வந்தோம். அங்கே ஆளுக்கு எடையே கிடையாது. பொத்தானை ஒரு தட்டுத் தட்டினால் பள்ளத்தின் மேல் மிதந்து அக்கரை போய்விடலாம். "டேய், நான் தாண்டிட்டேன்டா" என்று சிரித்தாய். விழுந்த நாளிலிருந்து உன் சிரிப்பை அன்றுதான் கேட்டேன்.

கல்லூரி நாளிலிருந்து விளையாடுகிறவன் நான். சுடுவதுதான் இதில் சுகம் என்றே நினைத்திருந்தேன். உன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த பிறகுதான் அது எவ்வளவு சின்னப் பங்கு என்று தெரிந்தது. ஒவ்வொரு துப்பாக்கிக்கும் ஒரு குணம் இருப்பதை நீ கண்டுகொண்டாய். பொறுமையாக அழுத்திப் பிடித்தால் மட்டும் வேலை செய்யும் அந்த நீலத் துப்பாக்கிதான் உனக்குப் பிடித்தது. அது வெடிக்கும்போது கன்ட்ரோலர் கைக்குள் அதிரும். உன் முகத்தில் ஒரு திருப்தி வரும்.

"இந்த மிஷினுங்க யோசிக்குதுடா. நேத்து வந்த வழியில இன்னிக்கி வரல பாரு" என்பாய். தோற்றால் ஆட்டத்தைத் திட்டமாட்டாய். "சுவத்து மறைவை வுட்டு நான் வந்திருக்கக் கூடாது" என்று சொல்லி உடனே மறுபடி தொடங்குவாய். நல்ல ஆட்டம் ஏன் தோற்றோம் என்று காட்டிவிடுகிறது, இல்லையா அம்மா? அதனால்தான் தோல்வி கசக்கவில்லை. பாழடைந்த விண்கப்பலுக்குள் விளக்கு அணைந்து, தலைக்கவசத்துக்குள் நம் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்கும்போது, நீ போர்வையை இறுக்கிப் பிடித்துக்கொள்வாய். பச்சைப் புகை கக்கும் உலகத்துக்குள் நுழைந்தபோது, "குடிகாடு கெமிக்கல் கம்பெனிங்க பக்கம் போற மாதிரியே இருக்குடா" என்று மூக்கைப் பொத்தினாயே, அந்த மாலை முழுக்க சிரித்தோம்.

அந்தக் கோட்டைச் சண்டை உனக்கு நினைவிருக்கிறதா? நான் அடிபட்டு நடுமுற்றத்தில் கிடந்தேன். உன்னிடம் ஒரே ஒரு மருந்துப் பெட்டி. கதவு உன் எதிரிலேயே இருந்தது.

"என்னை வுட்டுட்டுப் போம்மா. கதவைத் தாண்டினா கட்டம் முடிஞ்சிடும்."

"பேஷண்டைப் போட்டுட்டு எங்கடா போறது?"

திரும்பி ஓடி வந்தாய். மருந்தை எனக்குப் போட்டுவிட்டு, நான் எழுந்திருக்கும்வரை நான்கு பக்கமும் சுட்டுக்கொண்டே நின்றாய். நான் எழுந்தேன், நீ விழுந்தாய். "போடா, நிக்காத" என்றாய். நான் கதவைத் தாண்டியதும் இரண்டு பேருக்கும் வெற்றி என்று திரையில் வந்தது. அன்று நீயாகவே தோசை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாய்.

அதன் பிறகு வாக்கரைப் பிடித்து வாசல்வரை நடக்கத் தொடங்கினாய். எல்லாம் சரியாகிவிடும் என்று நாங்கள் நம்பியிருந்தபோது, ஒரு காலையில் உன் இதயம் நின்றுவிட்டது.

போன ஞாயிறன்று இதையெல்லாம் அக்காவிடம் வாயால் சொல்வதற்குப் பதில் கன்ட்ரோலரை அவள் கையில் கொடுத்தேன். உனக்குப் பிறகு தொடாமல் வைத்திருந்த கடைசி உலகம் திறந்தது. ஊதா நிறக் கடல், அதன் மேல் வளையம் போட்ட பெரிய கோள். அக்கா சுடவில்லை, நகரவுமில்லை. தலையை நிமிர்த்திப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"அம்மா இதைப் பாத்துச்சாடா?"

"இல்லக்கா. இதுக்கு முந்துன கட்டத்தோட போயிடுச்சு."

முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். அந்த நேரம் பார்த்து ஒரு இயந்திரம் பின்னாலிருந்து அவள் ஆளை அடித்துச் சாய்த்தது.

"இன்னாடா இது, சொல்லாம கொள்ளாம வந்து அடிக்குது?"

"சொல்லிட்டு வந்தா அப்புறம் இன்னாக்கா ஆட்டம்?"

அக்கா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள். பிறகு, "மறுபடி போடு" என்றாள். சாயங்காலம் சிதம்பரம் பஸ்ஸை விட்டுவிட்டாள். அத்தானுக்குப் போன் போட்டு, "பீரோ வேலை ஜாஸ்தியா இருக்குங்க, காலையில வரேன்" என்று பொய் சொன்னாள். புடவைகள் பாதி மடித்தபடி கட்டிலிலேயே கிடந்தன.

இனி ஞாயிறுதோறும் வருவாளாம். கல்லறைத் திருநாளுக்குள் அந்தக் கடைசி உலகத்தை முடித்துவிடுவோம். அன்று உன் கல்லறைக்கு வந்து, அந்தக் கடலுக்கு அப்பால் என்ன இருந்தது என்று ஒன்று விடாமல் சொல்வோம். அக்காதான் சொல்வாளாம், நான் வாயைத் திறக்கக் கூடாது என்று இப்போதே சொல்லிவிட்டாள்.

உன்னோடு சேர்ந்து ஆடிய
உன் சின்ன மகன்,
சார்லஸ்