சூளை அப்பீல் நீதிபதிக்கு அப்பாவின் தகுதிகள்

விருத்தாசலம்,
ஞாயிறு, பூசை முடிந்து வந்து

அன்பு மகள் மெர்சிக்கு, அம்மா எழுதுவது. மாதா புண்ணியத்தில் நாங்கள் இருவரும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், மஸ்கட் வெயிலில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கிறாய் என்று நம்பி மேலே எழுதுகிறேன். போனில் சொல்லலாம் என்றால் அப்பா பக்கத்தில் வந்து நின்று ஒட்டுக் கேட்கிறார். நீ கட்டிக்கொள்ளக் கேட்ட நந்தகுமாரை, வேற சாமி கும்பிடுறவன், முடியாது என்று சொன்ன நாளிலிருந்து உன்னோடு பேசவும் மாட்டார், ஒட்டுக் கேட்காமலும் இருக்கமாட்டார். அதனால்தான் எழுதிப் போட்டோ எடுத்து அனுப்புகிறேன்.

இங்கே பொம்மைக்காரர்கள் எல்லாரும் ஒரே சூளையில்தானே சுட்டெடுக்கிறோம். போன கிறிஸ்துமஸ் குடிலுக்குத் தர்மராஜ் செய்த சூசையப்பர் பொம்மைக்கு மட்டும் சூளையில் மூக்கு போய்விட்டது. தீ அதிகம் என்று அவர் சொல்ல, மண் சரியில்லை என்று சூளைக்காரர் சொல்ல, சங்கத் தலைவர் மண்மேல்தான் தப்பு என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். தர்மராஜ் விடவில்லை, நான் அப்பீலு போவணும், எங்க போறது என்று மூக்கில்லாத சூசையப்பரைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக அலைந்தார். கடைசியில் சங்கமே ஓர் அப்பீல் நீதிபதியை வைப்பது என்று முடிவு செய்தது. உன் அப்பாவுக்குச் சொல்ல வேண்டுமா! கோர்ட்டில் ஆள் பெயரை மூன்று முறை கூவும் டவாலியாக இருந்தவர், எத்தினி ஜட்ஜுக்கு முன்னால நடந்திருக்கேன், அவங்க எல்லாம் எம் பின்னாலதான் வந்தாங்க என்று அதையே தகுதியாகச் சொல்லி நின்றுவிட்டார்.

எதிரில் நின்றது பழைய கவுன்சிலர் பழமலை. சங்கத்தார் கேட்ட தகுதியோ ஒன்றே ஒன்று. அப்பீல் என்றால் தீர்ப்பை மாற்றுகிற வேலை, ஆகையால் சொன்ன சொல்லை ஒருதரமாவது மாற்றியவராக இருக்கணும், ஆதாரமும் காட்டணும். பழமலை தான் இருந்து விலகிய கட்சித் துண்டுகளை எல்லாம் மூட்டையாகக் கட்டிவந்து மேசைமேல் அவிழ்த்துப் போட்டார். அப்பாவுக்கு முகம் செத்துப்போனது. நம் நாய்க்கு ஆண் என்று நினைத்து மைக்கேல் என்று பெயர் வைத்தார், அது குட்டி போட்ட பிறகும் மைக்கேல்தானே! அவசரத்துக்கு, இனி டீயில் சர்க்கரை கிடையாது என்ற தன் தீர்ப்பை மாற்றி, சர்க்கரை போட்டுக் குடித்து, என்னைச் சாட்சிக்கு அழைத்துப் போனார். இதெல்லாம் சில்லறைக் கேஸுங்க, பெருசா எதுனா கொண்டாங்க என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

நான் சும்மா இருப்பேனா? அப்பாவிடம், பெருசுதான் ஒண்ணு மஸ்கட்ல அழுதுக்கிட்டு கெடக்குதேங்க என்றேன். மறுநாள் அவர் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு சங்கத்து வாசலில் நின்று, எம் பொண்ணு மெர்சி அந்தப் பையனையே கட்டிக்கலாம், முன்ன சொன்ன தீர்ப்ப ரத்து பண்றேன் என்று டவாலிக் குரலில் மூன்று முறை கூவினார். தெருவே கேட்டது. எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்து, வண்ணம் தீட்டிக்கொண்டிருந்த மாதாவுக்கு முக்காட்டு நீலம் மூக்குவரை இறங்கிவிட்டது.

நேற்றுத் தேர்தல் நடந்தது, பழமலைதான் ஜெயித்தார். பதவியே இல்லை என்றான பிறகு பழைய குருடி கதவைத் திறடி என்று ஆகிவிடுமோ என்று பயந்துகொண்டே, சோறு போடும்போது மெதுவாகக் கேட்டேன். தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், நான் என்னிக்குடி சொன்னத மாத்தியிருக்கேன், அந்தப் பையன வூட்டுக்கு வரச் சொல்லு என்றார்.

ஆகவே டிக்கெட் போட்டதும் சொல். வந்த இடத்தில் அப்பீல் பேச்சை மட்டும் எடுக்காதே. மாதா உங்கள் இருவருக்கும் துணையிருக்கட்டும், இனி இருவருக்கும் சேர்த்தே கேட்டுக்கொள்கிறேன்.

அன்பு முத்தங்களுடன்,
உன் அம்மா
அன்னமேரி

இதற்குக் கீழே இருப்பது நான் எழுதியதல்ல, பேனாவைப் பிடுங்கிக்கொண்டார்:

மேற்படி விவரங்கள் படித்துப் பார்த்தேன், சரி. மெர்சி, நேரத்துக்குச் சாப்பிடு. – அமிர்தசாமி