வெட்டின பதினோரு நொடி

மே 2, வெள்ளி

ஐசியு வேலையை விட்டாச்சு, மைக் கிடைச்சாச்சு, ஞாயிற்றுக்கிழமை முழுநாள் கபடிக்கு வர்ணனை நான் நான் நானேதான்!!!

வெயில் கொளுத்துகிறது. கத்திரி தொடங்குவதற்குள்ளேயே இப்படி. ஃபேனில் அனல்.

மூன்று வருஷ நர்ஸ் வேலை ஒரு கையெழுத்தில் முடிந்தது. மேட்ரன் பேப்பரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "கை நல்ல கைதான் ஷைனி உனக்கு. மனசுதான் எங்கியோ சுத்திக்கினு இருக்குது." எங்கே என்று தெரிந்திருந்தால் நானே போய் இழுத்து வந்திருப்பேன். நெஞ்சு நின்றுபோன ஆளை அழுத்தி மீட்கும்போது என் கை நடுங்கியதே இல்லை. எல்லாரும் தூங்குகிற வார்டில் எட்டு மணி மருந்தை எட்டு மணிக்குக் கொடுப்பதுதான் முடியாது. போன மாதம் ஒன்பதாம் பெட் ஊசியோடு ஆறாம் பெட்டில் நின்றேன். குத்தவில்லை. கடைசி நொடியில் கைப்பட்டையில் பேரைப் படித்தேன். வேலையை விடுவது அன்றைக்கு எடுத்த முடிவு.

ஏடிஎச்டி, கவனம் ஓரிடத்தில் நிற்காத கோளாறு என்று டாக்டர் எழுதிக் கொடுத்து எட்டு மாதம். அம்மா இன்னும் நம்பவில்லை. பட்டுக் கடையில் நாள் முழுக்கப் புடவை விரித்து மடிக்கிறவர். "எனக்குந்தான் ஆயிரம் யோசன வருது. மடிப்பு மாறுதா?"

வர்ணனை யாரும் சொல்லித் தரவில்லை. பழைய மேட்ச்களைச் சத்தம் இல்லாமல் ஓடவிட்டு நானே கத்திக் கத்தி ரீல்ஸ் போட்டதுதான். லைவ் சேனல் வைத்திருக்கும் இம்ரான் (இனி இ.) பார்த்துவிட்டு விழாக் குழுவிடம் பேசினான். பதினாலு பேர் ஒரே நேரத்தில் ஓடும்போது மட்டும் என் மண்டை அமைதி. அத்தனை பேர் காலும் தெரியும்.

குழு அண்ணன் போனில்: "பாருமா, டீம் பேரு, பனியன் நம்பர். அவ்ளோதான். ஊரு, தெரு, காலனி, எதுவும் மைக்ல வரக் கூடாது. வந்துச்சின்னா ரத்தம்தான்."

எடுக்க: மாத்திரை, தேன் மிட்டாய், பவர் பேங்க், துண்டு. (மாத்திரை!!)

மே 4, ஞாயிறு. மதியச் சாப்பாட்டு இடைவேளை

தாமல் தாண்டி ஒரு கிராமம். ஏரிக்கரை ஓரம் மைதானம். காலையில் ஏழு மேட்ச். ஒரு பல், இரண்டு புருவம், கழன்ற தோள்பட்டை ஒன்று. கணுக்காலைப் பிடித்து ஒருவனைத் தூக்கி அடித்தார்கள், முதுகு தரையில் விழுந்த சத்தம் ஸ்பீக்கரிலேயே கேட்டது. "எலும்பா அது இரும்பா!" என்று கத்தினேன். கூட்டம் எழுந்து ஆடியது. தொண்டையில் ரத்த ருசி. இவ்வளவு சந்தோஷமாக எப்போதும் இருந்ததில்லை.

இ.: "லைவ்ல ஆளுங்க ஏறிக்கினே இருக்காங்கமா. மூச்சு விட்டுப் பேசு, செத்துடாத."

அரையிறுதி: மின்னல் × இளஞ்சிங்கம். இரண்டுமே எங்கள் கிராமம். மின்னல் எங்கள் காலனி. இளஞ்சிங்கம் ஊர்ப் பக்கம். சித்தி பையன் ஜோயல் மின்னலில் 10. இளஞ்சிங்கத்தில் கோபி அண்ணன் 4, இடது மூலை. இரண்டு பேரும் ஒரே காலேஜ் டீமில் ஆடியவர்கள்.

பிரியாணி ஆறிப்போகிறது. மாத்திரை வீட்டில்.

மே 5, திங்கள். ஆஸ்பத்திரி வராண்டா

வெயில். பினாயில் நாற்றம். எழுதாவிட்டால் மண்டை வெடிக்கும்.

கடைசி ரெய்டு. மின்னல் மூன்று பாயின்ட் பின்னால். ஜோயல் உள்ளே போனான். தொடை ஒருவனிடம், இடுப்பு ஒருவனிடம், கோபி அண்ணன் கணுக்காலில், இன்னொருவன் முதுகின் மேல். நாலு பேரையும் இழுத்துக்கொண்டு முழங்கையால் ஊர்ந்து நடுக்கோட்டைத் தொட்டான். விசில். நாலு பாயின்ட்.

நான் மைக்கில்: "காலனி தட்டிட்டு வந்துடுச்சி! ஊரே படுத்துடுச்சி பாரு!"

அந்த நேரத்தில் என்னை யாரும் சீண்டவில்லை. கோபம்கூட இல்லை, வெறும் சந்தோஷம். வாய் முந்திக்கொண்டது.

அடுத்த நொடி பந்தலின் சவுக்குக் கட்டையைப் பிடுங்குகிற சத்தம். மூன்று பேர் கயிற்றைத் தாண்டினார்கள். ஆடியவர்கள் இல்லை, வேடிக்கை பார்த்த ஊர்ப் பக்கத்து ஆட்கள். ஜோயல் இன்னும் எழுந்திருக்கவில்லை. முதல் அடி காதோரம். தோல் மடல் மாதிரி திறந்துகொண்டது. இரண்டாவது அடி கண்ணில். நாற்காலிகள் பறந்தன. எங்கள் பசங்களும் சும்மா இல்லை, ஒருவன் இன்னொருவன் விரலைக் கடித்துத் துப்பியதைப் பார்த்தேன். யாரோ என் முடியைப் பிடித்து மேடையில் இருந்து இழுத்தார்கள். மைக்காலேயே அவன் மூக்கில் அடித்தேன். மூக்கு உடைந்தது. அந்தச் சத்தமும் ஸ்பீக்கரில் போனது.

பிறகு ஓடிப் போய் ஜோயல் தலையை மடியில் வைத்துத் துண்டால் அழுத்தினேன். நாற்பது நிமிஷம், ஆம்புலன்ஸ் வரும்வரை. கை நடுங்கவில்லை.

இடது கண் போய்விட்டது. டாக்டர் சொன்னதும் சித்தி தரையில் உட்கார்ந்து தன் தலையிலேயே அடித்துக்கொண்டார். மைக்கில் நான் சொன்னதுதான் தொடக்கம் என்று அவருக்குத் தெரியாது.

மே 6, செவ்வாய்

தலைவலி. புழுக்கம். குடிக்காத டீ மூன்று டம்ளர்.

கிளிப் எங்கும் ஓடுகிறது. லைவ் பதிவைச் சேனலில் இருந்து எடுத்துவிட்டு இ. போட்டது. சண்டை நடுவில் தொடங்குகிறது: ஜோயல் கீழே, அவன் மேல் 4 நம்பர் பனியன், ஓங்கின கை. அதுவரைக்கும்தான். காலையில் கோபி அண்ணனைக் கொலை முயற்சி என்று பிடித்துப் போய்விட்டார்கள். கட்டையோடு வந்த மூன்று பேர் வீட்டில் இல்லை, தேடுகிற ஆளும் இல்லை.

கோபி அண்ணன் ஓங்கவில்லை. கட்டையைக் கையால் தடுத்தார். முதல் அடி விழுந்ததும் ஓடி வந்து ஜோயல் மேல் படுத்தவர் அவர்தான். நான் பார்த்தேன்.

இ.-க்கு போன்.

"முன்னாடி இருக்கறத ஏன்டா வெட்டுன?"

"பதினோரு நொடிதான்மா. உன் டயலாக் அதுலதான இருக்குது? போட்டா உன்ன உயிரோட விடுவாங்களா?"

"அதுலதான்டா அந்த மூணு பேர் மூஞ்சியும் இருக்குது! கோபி அண்ணன் ஓடியாறதும் அதுலதான்!"

அவன் மெதுவாக: "சத்தத்த மட்டும் எடுத்துட்டுப் போடலாம். மூஞ்சி தெரியும், நீ தெரிய மாட்ட."

சரி என்று சொல்லிவிட்டேன். உடனே. யோசிக்காமல். எப்போதும் போல.

மே 7, புதன்

சாயங்காலம் நாலு தூறல், மண் நனையவில்லை.

ஊமை வீடியோ இ. அனுப்பியது போனில். இருபது தடவை பார்த்தேன். ஜோயல் கோட்டைத் தொடுகிறான், மூன்று பேர் கயிறு தாண்டுகிறார்கள். காரணமே இல்லாமல் பேய் பிடித்த மாதிரி. பார்க்கிறவன் முதலில் கேட்பது, ஏன் சத்தம் இல்லை? அதன்பிறகு மூஞ்சிகளையும் நம்ப மாட்டான். கோபி அண்ணனையும் நம்ப மாட்டான். இன்னும் அனுப்பவில்லை.

ஜோயல் கண் விழித்தான். பாதி முகம் கட்டு.

"கோபி அண்ணன் எப்பிடி இருக்காருக்கா? அவரு முதுகுல எவ்ளோ அடி தெரியுமா. எனக்கு விழ வேண்டியது."

சொன்னேன். ஸ்டேஷன், கேஸ், எல்லாம். பிறகு மைக்கில் நான் சொன்னதையும்.

"கேட்டேன்கா. எனக்கு ஜாலியாதான் இருந்துச்சி." பிறகு, "நீ வாய வெச்சிக்கினு சும்மா இருந்திருக்கலாம்." சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். பிடித்திருந்த என் கையை விடவும் இல்லை.

வீட்டில் அம்மாவிடம் முழு வீடியோவையும் போடப் போவதாகச் சொன்னேன். தட்டைச் சுவரில் எறிந்தார். என் வாழ்நாளில் முதல் முறை.

"போட்டீனா அவனுங்க கட்டைய மறந்துடுவாங்கடி. உன் வாய மட்டும் காலத்துக்கும் ஞாபகம் வெச்சிருப்பாங்க. ஒரு வார்த்தைக்குக் கண்ணா? அத எவனாச்சும் கேப்பானா?"

கேட்க மாட்டார்கள். அம்மா சொன்னது முழுக்கச் சரி.

"அப்ப கோபி அண்ணன்?"

அம்மா தரையில் உட்கார்ந்தார். சோற்றை ஒவ்வொரு பருக்கையாகப் பொறுக்கினார். நானும் உட்கார்ந்து பொறுக்கினேன்.

மே 8, வியாழன்

காலை. வெயில் ஏறவில்லை. மாத்திரை போட்டாச்சு.

குழு அண்ணன் மெசேஜ்: இனி இந்தப் பக்கம் எந்த மைக்கும் கிடையாது. மேட்ரனிடம் திரும்பிப் போகவும் முடியாது. மைக்கால் அடி வாங்கின மூக்குக்காரன் என்மேல் கேஸ் கொடுக்கலாம். கொடுக்கட்டும்.

மூன்று நாள் யோசித்து ஒரு போஸ்ட் போடுவது இதுதான் முதல் தடவை. இ. கடைசியாகக் கேட்டான்: "சத்தத்தோடயா?" சத்தத்தோட. எழுதி வைத்தது இங்கேயும்:

"இதான் முழு வீடியோ. ஒரு நொடிகூட எடுக்கல. மைக்ல கேக்கறது என் குரல். நான் சொன்னது தப்பு, அதுக்கு என்ன வந்தாலும் வாங்கிக்கறேன். கட்டைய எடுத்த மூணு பேர் மூஞ்சியும் இதுல தெளிவா இருக்குது. 4 நம்பர் பனியன் அடிச்சவர் இல்ல, அடி வாங்கினவர். அவர்தான் உள்ள இருக்காரு. ஞாயித்துக்கிழம அங்க இருந்தவங்க யாரா இருந்தாலும், ஊரோ காலனியோ, நாளைக்குக் காலைல பத்து மணிக்கு ஸ்டேஷன் வாசலுக்கு வாங்க. நான் நிப்பேன். கண்ணால பாத்தத சொல்லுங்க போதும். வர முடியாதவங்க ஷேர் பண்ணுங்க. வெட்டாம ஷேர் பண்ணுங்க."