1081-ம் 1801-ம்

அன்பு மச்சான் ஏழுமலைக்கு,

நீ போய்ச் சேர்ந்து இருபத்தைந்து வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. நான் இன்னும் ஊரிகம் லைன் வீட்டில் உயிரோடுதான் இருக்கிறேன். இப்போது எனக்கு வயிற்றெரிச்சலே அதுதான்.

தங்கச் சுரங்கத்தில் இறங்குமுன் டோக்கன் மாட்டும் பலகையில்தானே நம் சிநேகம் தொடங்கியது? என் எண் 1081, உன்னுடையது 1801. "இன்னாடா மச்சான், என்னைத் திருப்பிப் போட்டா நீ வர்ற!" என்று சிரித்தாய். நம்மை இறக்கும் கேஜ் கீழே போய்ச் சேர்வதற்குள் மனக்கணக்காகவே போட்டுக் காட்டினாய். கழித்தால் 720, ஒன்பதால் மீதியில்லாமல் வகுபடும். கூட்டினால் 2882, பதினொன்றால் வகுபடும். நாலு இலக்கத்தில் எந்த எண்ணைத் திருப்பிப் போட்டாலும் இப்படித்தான் என்றாய். அப்புறம் ஷிப்டுக்கு வந்தவன் டோக்கனையெல்லாம் பிடித்துத் திருப்பிக் கழித்து எங்கள் உயிரை வாங்கினாய்.

ஒரு வருடம் எல்லோருக்கும் நெஞ்சில் எக்ஸ்ரே எடுத்தார்கள். எனக்குக் கல்தூசி நுரையீரலைப் பிடித்துவிட்டது என்று சுரங்கத்துக்கு வெளியே, தரைக்கு மேல்வேலைக்கு மாற்றினார்கள். உனக்கு ஒன்றுமில்லை, இறங்கு என்றார்கள். நீ எனக்காக அழுதாய். நாலே வருடத்தில் இருமி இருமி நீதான் போனாய். பீடியால் வந்தது என்று சொல்லிவிட்டார்கள், நாங்களும் நம்பினோம். படுக்கையில் கிடந்த உன்னை, "அந்தக் கருமத்த விடுடா" என்று நானே திட்டியிருக்கிறேன்.

போன மாதம் மகள் என்னைப் பெங்களூரில் ஒரு டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனாள். அன்று என்னுடையது என்று கொடுத்த பழைய எக்ஸ்ரேயையும் பெட்டியிலிருந்து எடுத்துப்போனேன். புதிதாக எடுத்த படத்தோடு அதை வைத்துப் பார்த்தார்.

"இது உங்க படம் இல்லீங்க. உங்க லங்ஸ்ல தூசியே இல்ல. இத யாரோ பின்பக்கமா வெச்சிப் பாத்திருக்காங்க. ஹார்ட் இந்தப் பக்கம் வரணும்."

திருப்பி மாட்டினார். மூலையில் டோக்கன் எண் 1081 என்றிருந்தது 1801 ஆனது. ஒன்று வெறும் கோடு. எட்டும் சைபரும் எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒன்றுதானே?

நம் இரண்டு படத்தையும் பின்பக்கமாகப் பார்த்தவனுக்கு, மனுஷனுக்கு இதயம் எந்தப் பக்கம் என்றுகூடத் தெரியாதா? எதையும் திருப்பிப் பார்க்கிற நீ இதை ஏன் பார்க்கவில்லை? நான் மட்டும் பார்த்தேனா? உன் நெஞ்சை என் தகரப் பெட்டியில் வைத்துக்கொண்டு இத்தனை வருடம் சோறு தின்றிருக்கிறேன்.

உன் பெண்டாட்டி கஸ்தூரி ஆண்டர்சன்பேட்டையில்தான் இருக்கிறாள். உன் நினைவு நாளில் உனக்குப் பிடித்ததையெல்லாம் படைப்பாள், கருவாட்டுக் குழம்பு உட்பட. பீடி மட்டும் வைக்க மாட்டாள். "அதாண்ணா அவர தின்னுச்சி, அதப் போயி இன்னாத்துக்கு வெக்கிறது?" என்பாள். நானும் தலையாட்டுவேன்.

வருகிற ஞாயிறு உன் நினைவு நாள். படத்தை அவள் கையில் கொடுத்து, எந்தப் பக்கமாகப் பார்க்க வேண்டும் என்று காட்டுகிறேன். உன் பீடிக்கட்டை இலையில் நானே வைக்கிறேன், இது சத்தியம். அதற்கப்புறம் அவள் என்னை அண்ணா என்று கூப்பிடுவாளா, தெரியவில்லை.

நீ நிற்க வேண்டிய இடத்தில் நின்ற உன் மச்சான்,
முனிரத்தினம்