ஆறாத புண்ணும் அப்பாவின் கேப்ஸ்யூலும்

அன்புள்ள கண்ணா, இங்கே மூவரும் நலம் என்று எழுதத்தான் ஆசை, அப்பாவின் காலைப் பார்த்தபிறகு அந்த வரி வர மாட்டேன் என்கிறது, நீயாவது நலமாக இரு, நேரத்துக்குச் சாப்பிடு. என் வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு, அதனால் நான் சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதுகிறாள். (அண்ணா, இந்த வேலைக்குச் சம்பளம் கிடையாது, திட்டு மட்டும் தாராளம்.) ஒரு மாதமாக உன் அப்பாவின் போக்கே சரியில்லை. லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிற மனுஷன் லிஃப்டை விட்டுவிட்டு நாலு மாடியும் படியேறுகிறார், குளிக்கும்போது பாடுகிறார், கண்ணாடி முன்னால் நின்று காது முடியைக் கத்தரிக்கிறார். யாருக்காக இந்த அலங்காரம் என்று எனக்குச் சந்தேகம் வந்து அவருடைய கருவிப் பையைக் குடைந்தேன். ஸ்பேனருக்கு அடியில் ஒரு குப்பி, மூத்துப்போன செல்களைத் துடைத்தெடுக்கும் கேப்ஸ்யூலாம். கேட்டால், நம்ம பையன் ஆராய்ச்சி பண்றதே இதைத்தானே, அவன் முடிக்கிற வரைக்கும் நான் கிழவனாவே இருக்கணுமா என்கிறார். உண்மையைச் சொல், நீயா அனுப்பினாய்?

நீ போனில் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. சில செல்கள் பெருகுவதை நிறுத்திவிடும், சாகவும் சாகாது, அங்கேயே உட்கார்ந்துகொண்டு பக்கத்துச் செல்களையும் கெடுக்கும், வயதாக ஆக அதுகள் சேர்ந்துகொண்டே போகும், மூட்டுவலி, இதயநோய் எல்லாவற்றிலும் அதற்குப் பங்கு உண்டு என்றாய். (செல் என்றாலும் செல்லாத செல். நம் வீட்டுக்கு வந்து கிளம்பாமலே உட்கார்ந்திருந்த சித்தப்பா மாதிரி.) ஆனால் காயம் பட்ட இடத்தில் அதே மாதிரிச் செல்கள் கொஞ்ச நாள் வந்து புண் மூட உதவும், கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் துடைக்கக் கூடாது என்றும் சொன்னாய். அப்பா காதில் முதல் பாதிதான் ஏறியிருக்கிறது. மூன்று வாரத்துக்கு முன் லிஃப்ட் கதவு இடித்து முழங்காலுக்குக் கீழே காயம், இன்னும் ஆறவில்லை, ஓரம் கறுத்திருக்கிறது. கேப்ஸ்யூல்தான் திருடன் என்று பிடித்துவிட்டேன், குப்பியைக் குப்பையில் போட்டேன். நிறுத்தியாச்சுல்ல, தானா ஆறிடும், டாக்டர் எதுக்கு என்கிறார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது, இன்னும் ஒரு மாதம் பார்ப்போம் என்று

(அண்ணா, இந்த இடத்தில் என் பேனா நின்றுவிட்டது. ஏண்டி நிறுத்திட்டே, முழியே சரியில்லையே என்று அம்மா கேட்டாள், சொல்லிவிட்டேன். அந்தக் குப்பி பார்சலில் வந்த அன்றே, அப்பாவுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயந்து, கேப்ஸ்யூல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து மருந்தைக் கொட்டிவிட்டுக் கோதுமை மாவை அடைத்தது நான்தான். அப்பா பாடியதெல்லாம் கோதுமைப் பாட்டு. அதனால் புண் ஆறாததற்குக் காரணம் அது இல்லை.)

இவளை அடிக்கலாம் என்றால் கை மாவுக்கட்டில் இருக்கிறது. உடனே அப்பாவின் சர்க்கரை மாத்திரை டப்பாவைத் திறந்தேன், போன மாதம் வாங்கிய அட்டை பிரிக்காமலே கிடக்கிறது. உடம்பு இளசாயிட்டு வருது, சர்க்கரையும் போயிருக்கும்னு நினைச்சேன் என்கிறார், இந்த வயதில் முழி பிதுங்க நின்றுகொண்டு. நாளைக் காலை எட்டு மணிக்கு ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போகிறேன், காலுக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது. நீ வேலை செய்யும் இடத்தில் பேரும் பெருமையுமாக இரு. கூப்பிட மறக்காதே. எல்லாம் சரியாகிவிட்டது என்று அவர் சொன்னாலும் நம்பாதே, இவள் எழுதினாலும் நம்பாதே, வீடியோவில் பேன்ட்டை மடக்கிக் காலைக் காட்டச் சொல்லி உன் கண்ணால் பார்.

இப்படிக்கு,
இதை இரண்டு முறை படித்துப் பார்த்தபிறகே இடது கையால் கையெழுத்திடும் உன் அம்மா