சாம்பல் நிற ஸ்வெட்டர்

நவம்பர் 2

என் மருமகளுக்கு,

மூட்டுவலியைத் தவிர வேறு விருந்தாளி யாரும் இந்தப் பக்கம் எட்டிப்பார்ப்பதில்லை. நீயும் கடிதத்தைக் குறைத்துவிட்டாய்.

கிறிஸ்துமஸ் மரத்துச் சாமான்களை எடுக்கப் பெட்டியைத் திறந்தேன். மரத்தில் மாட்டும் என் பிள்ளையின் நீலக் காலுறையை அந்துப்பூச்சி அரித்துவிட்டது. கட்டைவிரல் நீளம்கூட இருக்காது, அதையும் விட்டுவைக்கவில்லை. நம் வீட்டு வழக்கம் உனக்குத் தெரியும். அவரவர் போட்டுப் பழசான கம்பளியைப் பிரித்துத்தான் அவரவர் காலுறையைப் பின்னுவேன். கடைநூலைத் தொட்டதில்லை. அவன் கண்மூடியதும் அழுதுகொண்டே துணியையெல்லாம் தூக்கிக் கொடுத்துவிட்டோம். இப்போது என்னிடம் அவனுடைய நூல் ஓர் இழை இல்லை.

அங்கே அலமாரி மூலையில் அவனுடைய ஸ்வெட்டர் ஏதாவது கிடக்கிறதா, பார். என் பிள்ளை இல்லாமல் அந்த மரத்தை நிறுத்த எனக்கு மனசு வராது.

அத்தை

நவம்பர் 3

அன்புள்ள அத்தைக்கு,

நீங்கள் எழுதி நாளாகிவிட்டது. கோபமா?

இந்த வருஷத்துக்கு என் பழைய பச்சை சால்வையை அனுப்பியிருக்கிறேன். கூடவே ஒரு சாம்பல் நிற ஸ்வெட்டரும் இருக்கிறது. அதிலும் ஒரு காலுறை பின்னுங்கள் அத்தை. யாருக்கு என்று எழுத உட்கார்ந்தால் பேனா நகர மாட்டேன் என்கிறது. நாலு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். அடுத்த கடிதத்தில் கட்டாயம் எழுதுகிறேன்.

உங்கள் மருமகள்

நவம்பர் 14

என் கண்ணே,

யாருக்கு என்று நீ வேறு எழுத வேண்டுமா? என் கடிதம் கைக்கு வந்ததும் ஓடிப்போய்த் தேடியிருக்கிறாய். அவன் பெயரை எழுத உனக்குக் கை வராது. எனக்கு மட்டும் வருகிறதா?

இப்படி ஒரு ஸ்வெட்டர் அவனிடம் இருந்தது எனக்குத் தெரியவே தெரியாது. பிரிக்கும் முன் முகத்தைப் புதைத்துக்கொண்டு ஒரு பாட்டம் அழுதேன். லேசாக மெஷின் எண்ணெய் வாசனை. எந்த சிநேகிதனின் வண்டிக்கு அடியில் படுத்துக் கிடந்தானோ! கீழ்வீட்டு நர்ஸ் வந்து, "என்னம்மா, ஸ்வெட்டர இப்படிக் கட்டிப் பிடிச்சிட்டு உக்காந்திருக்கீங்க?" என்றாள். "எம் புள்ள வந்திருக்கான்மா" என்று சொன்னேன்.

முழங்கையில் தைத்திருப்பது உன் கை என்று பார்த்ததுமே தெரிந்தது. எவ்வளவு பக்குவமாகத் தைத்திருக்கிறாய்! அவன் காலுறையை மரத்தின் உச்சிக் கிளையில் மாட்டிவிட்டேன். பக்கத்தில் உன் பச்சை. இந்த வருஷம் நாலு நாள் முன்னாடியே வந்துவிடு.

அத்தை

நவம்பர் 20

அன்புள்ள அத்தைக்கு,

எப்படிச் சொல்வேன்? உங்கள் முதல் கடிதம், நான் பார்சலை அனுப்பிய பிறகுதான் வந்தது. அந்த ஸ்வெட்டர் அவருடையது இல்லை அத்தை.

அதைக் கொடுத்தவர் எங்கள் ஆபீஸ் கட்டடத்தில் லிஃப்ட் மெக்கானிக்காக இருக்கிறார். நல்லவர். ஜனவரியில் பதிவுத் திருமணம் செய்துகொள்வதாக இருக்கிறோம். உங்கள் மரத்தைப் பற்றி அவரிடம் நிறையச் சொல்லியிருக்கிறேன். "அங்க எனக்கும் ஒரு எடம் கேளேன். அவங்க சரின்னாதான் நான் உங்க வீட்டு ஆளு" என்று கழற்றிக் கொடுத்தார். உங்களிடம் கேட்காமல் எனக்கு எதுவும் நடந்ததில்லை. அதனால்தான் அனுப்பினேன். அது இப்படி முடியும் என்று கனவிலும் நினைக்கவில்லை.

வாய்க்கு வந்தபடி திட்டுங்கள். வராதே என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அம்மா வீடு என்று எனக்கு இருப்பது அது ஒன்றுதான்.

உங்கள் மருமகள்

டிசம்பர் 9

அம்மா,

உன் மேல் தப்பு இல்லை. சின்ன வயசு உனக்கு. நீ நன்றாக இருக்க வேண்டும்.

உச்சிக் கிளையிலிருந்து எடுத்துப் பிரித்துவிட்டேன். நூலை உருண்டையாகச் சுற்றி இத்துடன் அனுப்புகிறேன். இரண்டு தடவை பிரித்த நூல் கொஞ்சம் தொய்ந்திருக்கும், இறுக்கிப் பின்னு. அவருக்கு நீதான் பின்ன வேண்டும். முழங்கைத் தையலில் நூல் புதுசாக இருந்தது. அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். பெற்றவள், வேற்று ஆளின் ஸ்வெட்டரைப் பிள்ளை என்று கட்டிக்கொண்டு அழுதிருக்கிறேன். இந்த வெட்கத்தை வைத்துக்கொண்டு உன் முகத்தில் எப்படி விழிப்பேன்?

பூச்சி அரித்த நீலத்தையே திரும்ப மாட்டியிருக்கிறேன். உன் பச்சையைக் கழற்றவில்லை. அவனுக்குத் துணையாக அது இங்கேயே இருக்கட்டும்.

நீ வர வேண்டாம்.

அத்தை